முதல் பெஞ்சுக்குச் செய்த போளி

என் மகனுக்குப் பாதிரிமார் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த காலையில், நான் அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். நாற்பது வயதைத் தொடப்போகிறவள் செய்கிற காரியம் இல்லை அது. கையில் குழம்புக் கரண்டி வேறு இருந்தது. சுவரில் அரைவட்டமாக அதன் தடம் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்கிறவர்கள் வரும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

எங்களுக்கு அவன் ஒருவன்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கிழக்கேகோட்டையில் இருக்கிற எல்லாத் தெய்வங்களிடமும் சொல்லிவைத்த பிறகு பிறந்தவன். அவன் தும்மினால் எனக்கு ஜுரம் வரும். நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். கவலைப்படுவதைக்கூட பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒழுங்காகச் செய்வேன். என் கணவர் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், குமாஸ்தா. அவர் கவலையை வாயால் சொல்லமாட்டார், நடப்பார். மனசு சரியில்லை என்றால் சாலைக் கடைத்தெருவின் கோடிவரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். அவர் செருப்பு தேய்கிற வேகத்தை வைத்து வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே சர்க்கார் பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் அங்கேதான் போனார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டு, மணி அடிக்கும்போது ஏப்பம் விட்டுக்கொண்டே ஓடுவார்கள். பாதிரிமார் பள்ளி ஊரின் மறுகோடியில். கேட்டு வந்த பையன்களில் பாதிக்கு மேல் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேர்த்துக்கொண்டாலும் முழுசாகச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தமில்லை. முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் படிப்பில் பின்தங்கிய ஒரு பெஞ்சுப் பிள்ளைகளை வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பெஞ்சுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்த பெஞ்சு.

சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு கோடை முழுக்க எடை போட்டோம். காலையில் நான் சேர்க்கணும் என்பேன், அவர் வேண்டாம் என்பார். சாயங்காலக் காப்பிக்குள் இரண்டு பேரும் கட்சி மாறியிருப்போம். அங்கே படித்தால் இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். கண்ணாடிக் குழாய்களும் பித்தளைத் தராசும் வைத்த தனி அறை உண்டு. பெரிய கால்பந்து மைதானம் உண்டு. அங்கே படித்தவன் என்றால் எந்த ஆபீசிலும் முதலில் நாற்காலி போடுவார்கள், பிறகுதான் பெயர் கேட்பார்கள். இதெல்லாம் ஒரு தட்டில். ஆறிப்போன தயிர் சாதம், வாய்தவறித் தமிழோ மலையாளமோ பேசினால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், அப்புறம் அந்தப் பெஞ்சு, இதெல்லாம் இன்னொரு தட்டில்.

அடுத்த வீட்டு மாமிக்கு எடை போடுகிற வேலையே இல்லை. அவள் மகன் சர்க்கார் பள்ளியில் என் மகனுக்குச் சமமான வகுப்பு.

"சேர்த்துப் பாரு. வருஷம் திரும்பறதுக்குள்ளே பிள்ளை கழுத்திலே ஜபமாலை போட்டுண்டு வந்து நிப்பன்," என்றாள்.

"நானும் கன்னியாஸ்திரீகள்கிட்டே படிச்சவதானே மாமி. எனக்கு ஒட்டிண்டது குரோஷே பின்னல் ஒண்ணுதான்."

"அதுதான் வீடு முழுக்க ஓட்டை ஓட்டையாத் தொங்கறதே," என்றாள் மாமி.

நேர்முகத்துக்கு முன்னால் நான் அவனுக்கு நதிகளையும் மலைகளையும் இங்கிலாந்து ராஜாக்களையும் வரிசையாக ஊட்டினேன். தலைமை ஆசிரியர் ஐரோப்பாக்காரப் பாதிரியார், எல்லாரும் ஃபாதர் என்பார்கள்; சின்ன வகுப்புகளுக்குப் பாடமும் அவரே எடுப்பார். வெள்ளைத் தாடி, நல்ல உயரம். பல வருஷம் தெற்கே கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் இருந்தவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வருகிற வழியில் என்ன பார்த்தாய் என்றார், இங்கிலீஷில். கோயில் யானை ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது, பஸ்தான் பின்னால் போயிற்று, யானை பஸ்ஸைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டியது என்று என் மகன் சொன்னான். தாடி குலுங்கச் சிரித்துவிட்டு, அந்த வெள்ளைக்காரர் சேர்த்துக்கொண்டார். என் ராஜாக்கள் எல்லாரும் வீணாகப் போனார்கள். அதற்குத்தான் கரண்டியோடு ஆடினேன்.

முதல் வாரமே மகன் வந்து பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொன்னான். மாசாமாசம் பரீட்சை உண்டு, ஆனால் மார்க்கை யாரிடமும் சொல்லமாட்டார்கள். மார்க்கைச் சொன்னால் பிள்ளைகள் கடைக்காரர்கள் மாதிரி பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது ஃபாதரின் எண்ணமாம். பரீட்சை முடிந்ததும் மார்க்குப்படி இடம் மாற்றி உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். எந்தப் பெஞ்சு யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? கல்யாணப் பந்தியில் முதல் இலை யாருக்கு, பஜனையில் முன்வரிசை யாருக்கு, கச்சேரியில் ஹெட் கிளார்க்கின் மேஜை எங்கே என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா?

வகுப்பு ஜன்னல் ரோட்டைப் பார்த்திருந்தது. எதிர்ப்பக்க மதிலோரத்தில் ஒரு கல். அதில் ஏறி நின்றால் உள்ளே நன்றாகத் தெரியும் என்று என் கணவர் கண்டுபிடித்தார். முதல் பரீட்சை முடிந்த மறுநாள், கச்சேரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அங்கே போய் ஏறிப் பார்த்துவிட்டு, முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"கேட்டியா, கடைசிப் பெஞ்சிலே இருக்கான்."

"சரியாப் பாத்தேளா?"

"சுவரிலே முதுகைச் சாய்ச்சுண்டு இருக்கான். அதுக்குப் பின்னாலே சுவர்தான்."

மகன் மைதானத்தில் பந்து உதைத்துவிட்டு, முட்டியெல்லாம் செம்மண்ணாக வந்தான்.

"எந்தப் பெஞ்சுடா நீ?" என்று கேட்டார் அவர்.

"கடைசிப் பெஞ்சுப்பா. சுவரோரம்," என்றான், பல்லெல்லாம் தெரிய.

"சிரிக்கறதைப் பாரு."

"அங்கேதாம்ப்பா உட்காரச் சொன்னா."

"ஏன் சொன்னான்னு எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தைப் பாக்காதவனா? என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, உன்னை முதல் பெஞ்சிலே பாக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நானும் ஒத்து ஊதினேன். "அப்பா சொல்றதைக் கேளு," என்றேன்.

"முதல் பெஞ்சா?" என்று இன்னொரு தரம் கேட்டான்.

"முதல் பெஞ்சு."

"சரி," என்றான். பல்லை மூடிக்கொண்டான்.

அன்றையிலிருந்து பந்துக்குத் தடை. பல் தேய்க்கும்போது வாய்ப்பாடு, தலை வாரும்போது இலக்கணம், சாதம் பிசையும்போது பூகோளம். பள்ளியில் மாசம் ஒரு பரீட்சை என்றால் எங்கள் வீட்டில் காலை ஒன்று, மாலை ஒன்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். வீட்டில் நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னான். இவ்வளவு தெரிந்த பிள்ளையைப் பின்னால் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பாதிரிமார்மேல் கோபம்கூட வந்தது.

அடுத்த பரீட்சையில் நடுப் பெஞ்சுக்கு வந்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம்.

"நடுப் பெஞ்சா? எங்காத்துப் பிள்ளை முதல் பெஞ்சாக்கும்," என்றாள் மாமி.

ஓணம் விடுமுறை கழிந்து வந்த பரீட்சைக்குப் பிறகு, நடக்கிறவரான என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடி வந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடி வந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"முதல் பெஞ்சு. ஃபாதர் மேஜைக்கு நேர் எதிரே. கையை நீட்டினா அவர் தாடியைத் தொடலாம்."

யுத்த காலம். சீனிக்குத் தட்டுப்பாடு. தீபாவளிக்கென்று நான் டப்பாவில் ஒளித்துவைத்திருந்த சீனி முழுவதையும் எடுத்துக் கடலைப்பருப்புப் பூரணத்தில் கொட்டினேன். இந்த ஊரில் சந்தோஷம் என்றால் போளிதான், கூடப் பால் பாயசம். மஞ்சள் போட்டுப் பிசைந்த மாவை இலையில் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தட்டித் தட்டி, கல்லில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். தெரு முழுக்கக் கொடுத்தேன். கச்சேரிக்கு ஒரு தூக்குப் பாத்திரம் போயிற்று. மாமி வீட்டுக்கு இரண்டு அதிகமாகவே வைத்தேன், வேண்டுமென்றுதான்.

மகன் பாதிப் போளியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா, நன்னா இல்லையா?"

"நன்னா இருக்கு. அம்மா, இப்போ ரெண்டு பேருக்கும் சந்தோஷம்தானே?"

"ரொம்ப."

"அப்போ சரி," என்று மீதியையும் தின்றான்.

இவ்வளவு பேருக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையை முன்னால் கொண்டுவந்தவருக்குக் கொடுக்காமல் இருக்கலாமா என்றார் என் கணவர். சனிக்கிழமை காலை நல்ல போளியாகப் பொறுக்கி, வாழையிலை வைத்து ஒரு டப்பாவில் அடுக்கி, மூன்று பேரும் புறப்பட்டோம். மகனை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஃபாதரின் அறைக்குள் போனோம். அவருடைய தமிழ் முழுக்க முழுக்கக் கடற்கரைத் தமிழ், மீன்பிடிக்கிறவர்களிடம் கற்றது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சாமி. இரிங்கம்மா. நானே கூப்பிட்டு விடணும்னு நெனச்சேன். பையனுக்குச் சொகமில்லியா?"

"சுகத்துக்கு என்ன குறை ஃபாதர். முதல் பெஞ்சுக்கு வந்துட்டான். எல்லாம் உங்க தயவு," என்று என் கணவர் டப்பாவை நீட்டினார்.

ஃபாதர் மூடியைத் திறந்து பார்த்தார். "இது என்னது?"

"போளி. ஒரு சந்தோஷத்துக்கு."

"மொதப் பெஞ்சுக்கு வந்ததுக்கா?"

"ஆமாம்."

அவர் போளியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"சாமி, நீச்சல் தெரியாத பயலை நான் கைக்கு எட்டுற தூரத்துல வச்சிக்கிடுவேன். தெரிஞ்சவன் எட்டப் போய்க் கெடக்கட்டும், அவனை நான் பாக்க வேண்டாம். இங்க மொதப் பெஞ்சுதான் மோசமான பெஞ்சு. உங்க பையன் வந்த புதுசுல கடைசிப் பெஞ்சு, சொவரோரம். வகுப்புலயே மொதப் பையன். இப்ப என் மேசைக்குக் கீழ கெடக்கான். என்னதான் நடந்துச்சு?"

என் கணவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, டப்பா அதில் இல்லாவிட்டாலும். வகுப்பிலேயே முதல் பையனாக இருந்தவனைத் தேங்காய் உடைத்து, இருந்த சீனியை எல்லாம் கொட்டி, பள்ளியைவிட்டு வெளியே போகிற பெஞ்சுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். ஊர் முழுக்கப் போளியும் கொடுத்திருக்கிறோம். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்படியும் விக்கல் மாதிரி வெளியே வந்தது. ஃபாதர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். என் கணவர் என்னை முறைத்தார். அவர் மீசையும் ஆடிக்கொண்டிருந்தது.

மகனை உள்ளே கூப்பிட்டார்கள். இன்றைக்குத் தமிழில் பேசலாம், ஓட வேண்டாம் என்று ஃபாதர் சொன்னார்.

"தெரிஞ்ச கணக்கெல்லாம் ஏம்ல தப்பாப் போட்ட?"

"அப்பா முதல் பெஞ்சுக்கு வரச் சொன்னார்," என்றான். "முதல்லே கொஞ்சம்தான் தப்பாப் போட்டேன். நடுப் பெஞ்சுதான் கிடைச்சுது. அப்புறம் நிறையப் போட்டேன். அது ரொம்பக் கஷ்டம் ஃபாதர். தப்பு விடை எழுதறதுக்கு முன்னாடி, சரியான விடை என்னன்னு போட்டுப் பாத்துக்கணும்."

"ஏண்டா எங்ககிட்டே சொல்லலை?" என்றேன்.

"அப்பாக்குப் பள்ளிக்கூடம் தெரியும்னு சொன்னாரே. தெரிஞ்சுதான் சொல்றார்னு நினைச்சேன். முன்னாலே உட்கார்ந்தா உங்களுக்கு ரோட்டிலேருந்து நன்னாத் தெரியும்னு நினைச்சேன்."

ஃபாதர் ஒரு போளியை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அது இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு," என்றார். "ஆனா பள்ளிக்கூடத்து வெதியை மாத்த மாட்டேன் சாமி. வருசக் கடைசி எடம் எல்லாப் பரீட்சையும் சேத்துத்தான். அந்த ரெண்டு பரீட்சையும் கணக்குல உண்டு. அவன் பொழச்சுக்கிட்டான்னா இருக்கட்டும். இல்லன்னா மொதப் பெஞ்சுக்காரனுவளோட அவனும் போவான்."

"நாங்க என்ன பண்ணணும் ஃபாதர்?" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"ஒண்ணும் செய்யாதீங்கம்மா. பந்து வெளையாட வுடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது. தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தேன். வாய்ப்பாடு தொண்டைவரை வந்து நின்றது. சாதம் பிசையும்போது பூகோளத்துக்குப் பதில் அன்றைக்கு யார் கோல் போட்டார்கள் என்று கேட்கப் பழகினேன். கல்லில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த என் கணவர், சாலைக்கு நடப்பதை இரட்டிப்பாக்கினார். இந்தத் தடவை அதுவும் போதவில்லை, வாங்கவும் தொடங்கினார். ஒருநாள் கயிறு, ஒருநாள் கதவுக் கொண்டி, ஒருநாள் மண்வெட்டிப் பிடி. எங்கள் வீட்டில் மண்வெட்டி கிடையாது.

பள்ளிதான் பிள்ளையை நெருக்குகிறது என்று கோடை முழுக்க ஒரு தட்டில் வைத்து எடை போட்டவள் நான். அதே தட்டில் எங்களை வைக்கத் தோன்றவில்லை. வைத்திருந்தால் தராசு அங்கேயே கவிழ்ந்திருக்கும்.

தெருவில் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. போளி தின்றவர்களிடம் எப்படிச் சொல்வது? மகன் மெல்ல மெல்லப் பின்னால் போவதை மாமி தன் பிள்ளை மூலமாக விசாரித்துத் தெரிந்துகொண்டாள். "மறுபடியும் நடுப் பெஞ்சாமே. சாரமில்லை, போனாப் போறது, பிள்ளைகள்னா அப்படித்தான்," என்று முறுக்குக் கொண்டுவந்து கொடுத்து ஆறுதல் சொன்னாள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு முறுக்கை வாங்கிக்கொண்டேன். நல்ல முறுக்கு.

வருஷக் கடைசியில், எல்லாப் பரீட்சையும் கூட்டி இடம் போடுகிற நாள் வந்தது. என் கணவர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருந்தார். நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லையே. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டு, கோயிலைத் தாண்டி, கச்சேரியைத் தாண்டி, அந்த மதிலோரம் போய் நின்றேன். ரோட்டில் ஒரு மாட்டுவண்டி போகும்வரை காத்திருந்தேன். புடவையைச் செருகிக்கொண்டு கல்லில் ஏறினேன்.

முதல் பெஞ்சைத்தான் முதலில் பார்த்தேன். ஐந்து தலைகள். ஒன்றும் என்னுடையது இல்லை. அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் அடுத்த பெஞ்சுகள் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடைசிக்கு முந்தின பெஞ்சில், ஜன்னல் பக்கம், சீப்புக்கு அடங்காத அந்த உச்சி மயிர். சுவரோரம் இல்லை; அந்த இரண்டு பரீட்சை அதற்கு விடவில்லை. ஆனால் பள்ளியில் இருக்கிறான். கல்லின்மேலேயே ஒரு சின்னச் சுற்றுச் சுற்றியிருப்பேன் போலிருக்கிறது, கால் வழுக்கி மதிலைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஃபாதர் ஜன்னலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடிக்குள் சிரிப்பு. விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். போளி எங்கே என்கிறார்.

அன்று சாயங்காலம் செய்தேன். இருந்த சீனிக்குக் கொஞ்சம்தான் வந்தது. ஃபாதருக்கென்று எடுத்துவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் தின்றோம். நெய் வாசனைக்குக் கதவு தடையா? மாமி வந்து தட்டினாள்.

"என்னடீ, வாசல் வரைக்கும் மணக்கிறது. என்ன விசேஷம்?"

"பிள்ளை பின் பெஞ்சுக்குப் போயிட்டான் மாமி," என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சர்க்கார் பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப் போயிடாது. மனசை விடாதே," என்று என் தோளைத் தட்டிவிட்டு, ஒரு போளியை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது இரண்டாம் பாரம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. வேலியோரம் பந்துச் சத்தம் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, எனக்குக் கவலைதான். இந்தத் தடவை நானும் அவரும் புத்திசாலிகளாகிவிட்டோம். முதல் நாளே மகனை நடுவில் உட்காரவைத்துக் கேட்டோம். எந்தப் பெஞ்சு நல்ல பெஞ்சு, எது மோசமான பெஞ்சு, வாத்தியார் எங்கே இருப்பார், எல்லாம் விவரமாகச் சொல்லு என்றோம்.

"இரண்டாம் பாரத்திலே அப்படி இல்லைப்பா," என்றான் அவன். "நாலு சுவரை ஒட்டியும் பெஞ்சு போட்டிருக்கா. நடுவிலே ஃபாதர் சுத்திண்டே இருப்பார்."

என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக்குக் கிளம்பினார்.